விதைத்தவர் பெயர் ரசீதில் இல்லை

இடப்பள்ளி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நெரிசல்தான். சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையும் மும்பைப் பக்கத்திலிருந்து கடலோரமாக இறங்கி வரும் நெடுஞ்சாலையும் சந்திக்கும் முனை அது. ஒரு பக்கம் 2013-இல் திறக்கப்பட்ட லுலு மால், தலைக்கு மேலே மெட்ரோ ரயில். கொச்சி நகரத்தின் இந்த மூலையில் விவசாயி என்று ஒருவரைத் தேடலாம் என்ற எண்ணமே யாருக்கும் எழாது. ஆனால் இதே ஊரின் பெயரைத் தாங்கிய ஊராட்சி ஒன்றியத்தின் எல்லைக்குள்தான் கடமக்குடி என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. மாலின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் போதும். கான்கிரீட் முடிந்து உப்பங்கழி தொடங்குகிறது. கழிக்கு நடுவே வரப்பு, வரப்புக்கு உள்ளே நெல்.

2018 ஆகஸ்டில் இந்த நெல் வெள்ளத்தில் மூழ்கியது. அந்த மாதம் 9-ஆம் தேதி இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. அடுத்த வாரம் மழை இன்னும் வலுத்தது. ஆலுவாவில் இரண்டாகப் பிரியும் பெரியாறு ஏலூர், வராப்புழை, சேரானல்லூர் வழியே கழிமுகத்தைத் தேடி வந்தபோது ஆறு எது, வயல் எது என்று அடையாளம் தெரியவில்லை. நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 1924-இல் வந்த பெருவெள்ளத்தைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருந்த தலைமுறைக்கு இனி சொல்லிக்கொள்ளச் சொந்தமாக ஒரு வெள்ளம் கிடைத்தது.

வெள்ளம் வடிந்தது. பணம் வரத் தொடங்கியது. கவனிக்க வேண்டிய கதை அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு சொல். நிவாரணத்துக்கு மலையாளத்தில் 'துரிதாஸ்வாசம்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு இது 'துரித ஆசுவாசம்', அதாவது வேகமாகக் கிடைக்கும் ஆறுதல் என்று கேட்கும். மலையாளத்தில் துரிதம் என்றால் துன்பம். வடமொழியில் இவை வெவ்வேறு சொற்கள். நம் எழுத்தில் ஏறியதும் இரட்டைப் பிள்ளைகளாகிவிடுகின்றன. துன்பத்துக்கு ஆறுதல் என்பது அரசு தரும் பொருள். வேகமான ஆறுதல் என்பது விவசாயி எதிர்பார்க்கும் பொருள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க ஒரு வட்டாட்சியர் அலுவலகமும் ஒரு கிருஷிபவனும் (1987-இல் கேரளம் ஊருக்கு ஊர் தொடங்கிய வேளாண் அலுவலகம்) போதுமானவை.

இன்னொரு சொல் இதைவிட முக்கியமானது. பயிர் அழிந்த விவசாயிக்கு அரசு தருவதைப் பத்திரிகைகள் 'நஷ்டஈடு' என்று எழுதுகின்றன. விவசாயியும் அப்படித்தான் நம்புகிறார். ஆனால் மத்திய அரசின் விதிப் புத்தகத்தில் அந்தச் சொல் கிடையாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து தரப்படுவது 'இடுபொருள் மானியம்'. அதாவது, இழந்ததற்கு ஈடு அல்ல. அடுத்த விதைப்புக்கு விதை, உரம் வாங்க ஒரு கைத்தாங்கல். இழப்பு எவ்வளவு என்ற கேள்வி 33 சதவீதத்துக்கு மேலா, கீழா என்று பார்ப்பதோடு முடிந்துவிடும். 2015 வரை அந்தக் கோடு 50 சதவீதத்தில் இருந்தது. கோட்டைத் தாண்டிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போனவருக்கும் முழுதும் போனவருக்கும் ஒரே விகிதம்.

2018-இல் நடப்பில் இருந்த விகிதம் இது: மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.6,800. பாசனப் பயிருக்கு ரூ.13,500. தென்னை, ரப்பர் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரூ.18,000. எதற்கும் உச்சவரம்பு இரண்டு ஹெக்டேர். ஹெக்டேரில் சொன்னால் பெரிதாகத் தெரியும். ஏக்கரில் போட்டுப் பார்த்தால் பாசன நெல்லுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்கூட வராது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்து அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் நிவாரணம் தந்தபோது ஏக்கருக்கு ரூ.5,465 என்ற விசித்திரமான எண் வந்ததே, நினைவிருக்கிறதா? அது இந்தப் பதின்மூவாயிரத்து ஐந்நூறை ஏக்கருக்கு மாற்றிக் கொஞ்சம் நிமிர்த்திய எண்தான்.

ஆள்பவரிடம் விவசாயி போய் நிற்பது புதிதல்ல. வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடி நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டதாகப் புறநானூற்றுப் பாடல் ஒன்றின் அடிக்குறிப்பு சொல்கிறது. பாடத் தெரிந்தவர், பாக்கி நீங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் பாட்டுக்கு மதிப்பில்லை. 1883, 1884 ஆண்டுச் சட்டங்களின்படி 'தக்காவி' என்ற கடன் கொடுத்தான். வறட்சியில் கொடுத்து விளைச்சலில் வசூலித்தான். சுதந்திர இந்தியா நிதிக் கமிஷன்களின் வழியே இதை ஒழுங்குபடுத்தியது. 1990-இல் இயற்கைச் சீற்ற நிவாரண நிதி வந்தது. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2010-இல் அதன்கீழ் இன்றைய மாநில நிதி. பெரும்பாலான மாநிலங்களில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநில அரசு. விகிதத்தை மத்திய அரசு நிர்ணயிக்கும். கணக்கெடுப்பு, பட்டியல், பட்டுவாடா எல்லாம் மாநிலத்தின் தலையில். வசவும் மாநிலத்துக்கே.

கடமக்குடியில் விளைவது பொக்காளி. உப்பைத் தாங்கும் நெல், ஆளுயரத்துக்கு வளரும். 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதற்கு உரமும் கிடையாது, பூச்சிமருந்தும் கிடையாது. பருவமழைக்கு முன்னே வயலில் சேற்றைக் கூம்புகூம்பாகக் குவித்து வைப்பார்கள். மழை அந்தக் குவியல்களின் உப்பைக் கழுவும். ஜூனில் குவியல் மேலேயே விதைத்து, நாற்று ஒரு மாதம் வளர்ந்ததும் குவியலை மண்ணோடு வெட்டி வயலெங்கும் பரப்புவார்கள். அக்டோபர் வாக்கில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். தாள் தண்ணீரிலேயே நின்று அழுகும். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அந்த அழுகலைத் தின்று இறால் வளரும். 'ஒரு நெல், ஒரு மீன்' என்று இதற்கு அங்கே பெயர். வயலுக்குள் கடல்நீரை விடவும் வடிக்கவும் வைத்திருக்கும் மதகை அவர்கள் 'தூம்பு' என்கிறார்கள். நம் ஏரிக்கரைக் கல்வெட்டுகளில் இருக்கும் அதே தூம்பு. தமிழ்நாட்டில் கல்லில் தங்கிவிட்ட சொல் அங்கே இன்னும் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பயிரை விதிப் புத்தகத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? வாய்க்கால் பாசனம் இல்லை, ஆகவே மானாவாரி என்றால் ரூ.6,800. தூம்பு வைத்து நீரை ஏற்றி இறக்குவதால் பாசனம் என்றால் ரூ.13,500. ஒரே வயல், ஒரே வெள்ளம். கட்டம் மாறினால் தொகை இரண்டு மடங்கு. விதியை எழுதியவர் மனத்தில் ஒரு கிணறும் ஒரு கால்வாயும் இருந்திருக்கும். ஏற்றவற்றம் இருந்திருக்க நியாயமில்லை. வண்டல் படிந்த நிலத்தைச் சீர்செய்ய ஹெக்டேருக்கு ரூ.12,200 தரும் விதியும் இருக்கிறது. படிவு மூன்று அங்குலத்துக்கு மேல் என்று அதிகாரி சான்று தர வேண்டும். வயலே சேறாக இருக்கும் இடத்தில் எது பெரியாறு கொண்டு வந்தது, எது ஏற்கனவே கிடந்தது என்று அளவுகோல் எப்படிச் சொல்லும்?

நெல்லோடு கணக்கு முடிவதும் இல்லை. பொக்காளி நெல்லால் மட்டும் யாரும் பிழைப்பதில்லை. நெல் கைச்செலவுக்கு, இறால்தான் வருமானம். ஆகஸ்டு வெள்ளம் வரப்பை உடைத்து, தூம்பைப் பிடுங்கி, தாள் நிற்க வேண்டிய இடத்தை வெறுமையாக்கினால் நவம்பரில் வர வேண்டிய இறாலுக்கும் அடி. ஆனால் ஆகஸ்டில் வயலில் இறால் இல்லை. இல்லாத பொருளின் இழப்பை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. விதி பயிரை ஒரு பருவத்துக்குள் அடைத்துப் பார்க்கிறது. பொக்காளி ஆண்டு முழுவதுக்குமான ஒரு ஏற்பாடு.

ஒரு காலத்தில் 25,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் இந்தச் சாகுபடி இன்று அதில் மிகச் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. அறுவடைக்கு ஆள் இல்லை, இடுப்பளவுச் சேற்றில் இயந்திரம் இறங்காது, இறாலில் கிடைக்கும் லாபம் நெல்லில் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் பலர் விதைப்பதை விட்டுவிட்டார்கள். பிறகு விதைப்பது யார்?

விஷயத்தின் முள் இங்கேதான் இருக்கிறது. நிலம் இருப்பவர் விதைப்பதில்லை. விதைப்பவருக்கு நிலம் இல்லை. கேரளத்தில் பல இடங்களிலும் தரிசாகக் கிடக்கும் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவது சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும், 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் குழுக்களும்தான். நாலைந்து பெண்கள் சேர்ந்து ஓரிரண்டு ஏக்கர் எடுப்பார்கள். அவர்கள் குத்தகையைப் 'பாட்டம்' என்கிறார்கள். (சோழர் கல்வெட்டில் மீன்பாட்டம் உண்டு, அங்கே அது வரி.) பாட்டம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. எழுதினாலும் வெள்ளைத்தாள்.

ஏன் எழுதுவதில்லை என்ற கேள்விக்கு விடை இடப்பள்ளியிலிருந்தே தொடங்குகிறது. மலையாளக் கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ணபிள்ளை பிறந்த ஊர் இது. 1911-இல் பிறந்து 1948-இல், நாற்பதைத் தொடும் முன்பே இறந்துபோனவர். அவர் எழுதிய 'வாழக்குலை' என்ற கவிதை கேரளத்தில் படிக்காதவர்களுக்கும் தெரியும். மலயப்புலயன் என்ற கூலியாள் குடிசை முற்றத்தில் ஒரு வாழைக்கன்று நடுகிறான். பசித்த குழந்தைகள் அது குலை தள்ளுவதையும் முற்றுவதையும் நாள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். குலை முற்றியதும் அது நிலத்தின் எஜமானருக்குப் போகிறது. வெட்டிக் கொடுப்பவன் நட்டவனேதான். இதைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் பின்னாளில் நிலச் சீர்திருத்தத்துக்குக் கொடி பிடித்தது.

சட்டமும் வந்தது. 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து கேரளத்தில் ஜன்மி முறை ஒழிந்தது. குத்தகைதாரர் நிலத்தின் உரிமையாளரானார். இனி யாரும் புதிதாகக் குத்தகைக்கு விடக்கூடாது என்று சட்டம் தடுத்தது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு துணிச்சலாகச் செய்யவில்லை. ஒரு குறை மட்டும் இருந்தது. உரிமை கிடைத்தது குத்தகைப் பத்திரம் வைத்திருந்த இடைநிலை விவசாயிக்கு. மலயப்புலயன் குத்தகைதாரர் அல்ல, கூலியாள். அவனைப் போன்றவர்களுக்கு வயல் கிடைக்கவில்லை. குடிசை நின்ற இடம், கிராமப்புறமானால் பத்து சென்ட் வரை, 'குடிகிடப்பு' உரிமையாகக் கிடைத்தது.

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அன்று நிலம் பெற்றவரின் பேரன் துபாயிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார். வயல் தரிசு. பத்து சென்ட் பெற்றவரின் பேத்தி அந்த வயலை வாய்ப்பேச்சில் எடுத்து விதைக்கிறார். எழுத்தில் கேட்டால் நிலத்தின் சொந்தக்காரர் பின்வாங்குகிறார். குத்தகை சட்டவிரோதம், நாளைக்கு இந்தத் தாளைக் காட்டி நிலத்தில் உரிமை கேட்டால் என்ன செய்வது என்ற பயம். 1970-இல் குத்தகைதாரரைக் காப்பாற்றிய சட்டம் 2018-இல் குத்தகைதாரரை ஆவணத்தில் இல்லாதவராக்கிவிட்டது.

விதிப் புத்தகம் 'விவசாயி' என்றுதான் சொல்கிறது, 'நில உரிமையாளர்' என்று அல்ல. ஆனால் ஒருவர் விவசாயி என்பதற்கு அலுவலகம் கேட்கும் எளிதான சான்று நிலவரி கட்டிய ரசீது. ரசீதில் இருப்பது சொந்தக்காரர் பெயர். குத்தகைக்காரருக்குக் கிருஷிபவன் கதவு சாத்தியிருப்பதாகச் சொல்ல முடியாது. சொந்தக்காரர் கையெழுத்திட்ட தாள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்பார்கள். அந்தக் கையெழுத்துதான் கிடைக்காது. நல்ல மனம் உள்ள சொந்தக்காரர் பணம் தன் கணக்குக்கு வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுவார். மற்றவர் அந்த ஆண்டுப் பாட்டத்துக்குக் கழித்துக்கொள்வார். இரண்டும் அவரவர் தருமம்; சட்டம் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை.

இரண்டு ஏக்கர் எடுத்த ஒரு பெண்கள் குழுவை எடுத்துக்கொள்வோம். பாசனக் கட்டத்தில் போட்டாலும் மானியம் சுமார் ரூ.10,900. ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். விதை, குவியல் போட்ட கூலி, வரப்புச் செலவு எல்லாம் அவர்களுடையது. அந்த இரண்டாயிரமும் வேறொருவர் கணக்கின் வழியாக வர வேண்டும். கேரள அரசின் பயிர்க் காப்பீட்டில் முன்கூட்டியே சேர்ந்திருந்தால், 2017-இல் உயர்த்திய விகிதப்படி முற்றிய நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.35,000 வரை உண்டு. நல்ல திட்டம்தான். அதற்கும் நிலத்தின் விவரம் வேண்டும். கடைசியில் அதே ரசீதில்தான் வந்து நிற்கும்.

நிலத்தை அல்லாமல் வீட்டை வைத்துக் கொடுத்த உதவி இதைவிட நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. வெள்ளம் புகுந்த குடும்பத்துக்கு ரூ.10,000 என்று கேரள அரசு அறிவித்தது. இதில் ரூ.3,800 பேரிடர் நிதியிலிருந்து, மிச்சம் ரூ.6,200 முதலமைச்சர் நிதியிலிருந்து. மூவாயிரத்து எண்ணூறு எப்படி வந்தது என்று பார்த்தால் விதிப் புத்தகத்தின் உலகம் புரியும்: துணிமணிக்கு ரூ.1,800, பாத்திர பண்டத்துக்கு ரூ.2,000. ஆனாலும் இதற்கு யாரும் நிலவரி ரசீது கேட்கவில்லை. வீட்டில் தண்ணீர் ஏறியதா என்பதுதான் கேள்வி.

அந்தப் பணத்திலும் ஓட்டை விழுந்தது. 2020-இன் தொடக்கத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு செய்தி வெடித்தது. ஆளுங்கட்சியின் உள்ளூர் நிர்வாகி ஒருவருடைய கூட்டுறவு வங்கிக் கணக்குக்கு வெள்ள நிவாரண நிதியிலிருந்து ரூ.10.54 லட்சம் போயிருந்தது. குடும்பத்துக்குப் பத்தாயிரம் என்றால் நூற்றைந்து குடும்பங்களின் பணம். காக்கநாட்டில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்தின் நிவாரணப் பிரிவு எழுத்தர் கைது செய்யப்பட்டார். கட்சி நிர்வாகி மீது வழக்கும் கட்சி நடவடிக்கையும் பாய்ந்தன. தாள் இல்லாத குத்தகைக்காரர் கிருஷிபவன் படியேறி இறங்கிக்கொண்டிருந்த அதே மாவட்டத்தில் கணினியில் சில விசைகளைத் தட்டியதில் லட்சங்கள் இடம் மாறியிருந்தன என்பது போலீஸ் குற்றச்சாட்டு. தாளில் கவனமாக இருக்கும் நிர்வாகம் திருட்டிலும் கவனமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது போலும்.

கடமக்குடிக்காரர்களுக்கு அரசு அறிவிப்புகளின் மேல் உள்ள சந்தேகம் வெள்ளத்தோடு வந்தது அல்ல. அதே பஞ்சாயத்தைச் சேர்ந்த மூலம்பிள்ளியில் 2008 பிப்ரவரியில் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் சாலைக்காக வீடுகளை இடித்தார்கள். இடப்பள்ளியிலிருந்து போட்ட ரயில் பாதைக்கும் சேர்த்து மொத்தம் 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அடுத்த மாதமே மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முனையம் 2011-இல் திறந்தது. மறுவாழ்வோ, பதினைந்து ஆண்டு தாண்டியும் போராட்டப் பந்தலில்தான் பேசப்பட்டது.

இதே விதிப் புத்தகம் அதே 2018-இல், மூன்றே மாதம் கழித்து, தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. விதிப்படி பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.18,000. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்தால் ஒரு மரத்துக்கு ரூ.103 வரும். ஒரு தென்னை காய்க்கவே ஐந்தாறு ஆண்டு ஆகும். விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தும் கூலிக்குக்கூட நூற்று மூன்று ரூபாய் காணாது.

எடப்பாடி பழனிசாமி அரசு இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. மரத்துக்கு ரூ.600, வெட்டி அகற்ற ரூ.500, ஆக ரூ.1,100. ஹெக்டேருக்கு ரூ.1,92,500. போதாது என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பரப்பளவை விட்டு மரத்தை எண்ணத் தொடங்கியது முக்கியமான மாற்றம். விதி மாறாமலே மாநிலம் தன் பணத்தைப் போட்டு அளவுகோலை மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி.

யார் பெயரில் என்ற கேள்வி டெல்டாவிலும் தீரவில்லை. அங்கே நிலம் கோயிலுடையது, மடத்துடையது, பயிர் குத்தகைதாரருடையது, பல இடங்களில் அவருக்குக் கீழே இன்னொரு உள்குத்தகைதாரர். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு வசதி உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யலாம். அதோடு அடங்கல் என்ற பழைய பதிவேடு இருக்கிறது. அந்தப் பசலியில் அந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் எழுத முடியும். அவர் எழுதுவாரா என்பது அவர் மனத்தையும் ஊரின் அரசியலையும் பொறுத்தது. எழுதுவதற்கு இடமாவது இருக்கிறது.

வேறு மாநிலங்களும் முயன்றிருக்கின்றன. ஆந்திரம் 2011-இல் ஒரு சட்டம் போட்டுச் சாகுபடியாளர்களுக்கு அட்டை கொடுத்தது. நிலத்தின் சொந்தக்காரர்கள் அஞ்சினார்கள். 2019-இல் அதை மாற்றி, பதினொரு மாத ஒப்பந்தம், பயிரில் மட்டும் உரிமை, நிலத்தில் கிடையாது என்று எழுதியது. அதற்கும் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். ஒடிசா தன் 'காலியா' திட்டத்தில் நிலமற்றவர்களையும் சேர்த்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய்த் திட்டம் மறுபடியும் நிலம் பெயரில் உள்ளவருக்கு என்றே வந்தது. நீதி ஆயோக் அமைத்த ஹக் குழு 2016-லேயே ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுத்துவிட்டது: குத்தகையைச் சட்டபூர்வமாக்குங்கள், சொந்தக்காரரின் உரிமைக்கு உத்தரவாதம் கொடுங்கள், அப்போதுதான் கடனும் காப்பீடும் பேரிடர் நிவாரணமும் உழுபவரைச் சேரும். கேரளத்துக்கு இது கசப்பு மருந்து. குத்தகை என்ற சொல்லையே ஒழித்ததுதான் அந்த மாநில அரசியலின் பெருமை. அதைத் திரும்பச் சட்டத்தில் எழுத எந்தக் கட்சிக்குக் கை வரும்?

அமெரிக்காவின் அனுபவம் இந்த இடத்தில் பேசத்தக்கது. 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு பருத்தி விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது அது பண்ணையாரின் கைக்குப் போனது. தென் மாநிலங்களில் பலர் வாரதாரரின் பங்கைக் கொடுக்கவில்லை, வாரதாரரையே வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டே ஆர்க்கன்சா மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாரதாரர் சங்கம் தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டின் வேளாண் துறை விதி, பயிரின் ஆபத்தில் யாருக்கு எவ்வளவு பங்கோ அவருக்குப் பேரிடர்ப் பணத்தில் அவ்வளவு பங்கு என்கிறது. சொந்தக்காரர் பணமாகக் குத்தகை வாங்கிவிட்டால் பயிர் போனதில் அவருக்கு நஷ்டம் இல்லை. ஆகவே நிவாரணமும் இல்லை. மேற்பார்வைக்கு ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு. இந்தக் குழுக்களிலும் பெரிய கைகளே ஓங்கியிருந்தன, கறுப்பின விவசாயிகளுக்கு அநீதி நடந்தது என்பது தனி வரலாறு. ஆனால் பயிர் போனதில் யாருக்கு நஷ்டம் என்ற கேள்வியையாவது அவர்கள் விதியில் எழுதிவிட்டார்கள்.

இங்கே விகிதம் மட்டும் உயர்ந்தது. 2022-23 முதல் 2025-26 வரைக்கான திருத்தத்தில் மானாவாரிக்கு ரூ.8,500, பாசனத்துக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500, வண்டல் அகற்ற ரூ.18,000. கட்டங்கள் பழைய கட்டங்களே. கேரளம் கேட்டதும் டெல்லி கொடுத்ததும் பொருந்தாத கதையும் தொடர்ந்தது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு புனரமைப்புக்கென்று 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ரூ.529.50 கோடி மானியமாக அல்ல, ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடனாகவே வந்தது. தக்காவிக்கு நூற்று நாற்பது வயது ஆகிவிட்டது, ஓய்வு பெறவில்லை.

கடமக்குடியில் இறால் பருவம் ஏப்ரல் 14-ஆம் தேதியோடு முடியும். அதன்பிறகு தூம்பைத் திறந்து உப்புநீரை வடித்து, வயலைக் காயவிட்டு, சேற்றைக் குவிக்கத் தொடங்குவார்கள். அந்த ஆண்டு யார் விதைப்பது, பாட்டம் எவ்வளவு என்ற பேச்சும் அந்த வாரங்களில்தான் நடக்கும். வரப்பில் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்கள். தாள் எடுத்து வருவது வழக்கமில்லை.